பரணில் கிடக்கும் கேசட்டுகள்

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் மீட்டர், லிப்ட் ஒப்பந்தம், பார்க்கிங் என்று மூன்று காரமான விஷயங்களைப் பேசி முடித்திருக்கிறோம். அதற்குப் பிறகு என்னைப் பேச அழைத்ததன் காரணம் புரிகிறது. எல்லாரும் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான். அறிவிப்புப் பலகையில் என் தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். "1960களின் கடைசியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ஒரு மாலை". வளையமாதேவிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது எதற்கு என்று ஒரு அம்மா நேரிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பேச்சு லண்டனில் தொடங்கினாலும் நம் வீட்டுப் பரணில்தான் வந்து முடியும். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மாலையைப் பார்ப்போம்.

1968ஆம் ஆண்டு, செப்டம்பர் தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் அப்போது மூன்றே சேனல்கள். பிபிசி 1, பிபிசி 2, விளம்பரத்தில் நடக்கும் ஐடிவி. பிபிசி 2 வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதைப் பார்க்கப் புது வகை செட் வேண்டும் என்பதால் பல வீடுகளில் அது கிடையாது. 1967 ஜூலையில் விம்பிள்டன் டென்னிஸோடு பிபிசி 2 கலரில் ஒளிபரப்பத் தொடங்கியது. ஆனால் கலர் செட் வசதியானவர்களுக்குத்தான். 1968 ஜனவரியிலிருந்து கலர் செட் வைத்திருப்பவர்கள் லைசென்ஸுக்குக் கூடுதலாக 5 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. மற்ற எல்லாருக்கும் கறுப்பு வெள்ளைதான். செட்டை வாங்காமல் மாத வாடகைக்கு எடுத்துப் பார்த்த குடும்பங்களும் ஏராளம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பிபிசி 1இல் 'தி ஃபோர்சைட் சாகா' என்ற தொடர் ஓடியது. ஜான் கால்ஸ்வொர்த்தியின் நாவல்களை வைத்து எடுத்த 26 பகுதிகள். ஒரு பணக்காரக் குடும்பத்தின் சொத்துச் சண்டை, கல்யாணச் சண்டை, தலைமுறைச் சண்டை. நம் மெகா சீரியலுக்குப் பாட்டி என்றே சொல்லலாம். முந்தின வருடம் பிபிசி 2இல் ஒருமுறை வந்ததுதான். அந்தச் சேனல் கிடைக்காதவர்களுக்காக மறுபடி போட்டார்கள். அது ஓடும் நேரத்தில் மதுக்கடைகளில் கூட்டம் குறைந்ததாகவும், சில சர்ச்சுகளில் மாலைப் பிரார்த்தனை நேரத்தையே மாற்றி வைத்ததாகவும் சொல்வார்கள். 1969இல் கடைசிப் பகுதியைச் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று தெரியும். 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு 'ராமாயணம்' ஓடும்போது தெரு எப்படி இருந்தது? அதே கதைதான். ஊர் வேறு, வருடம் வேறு.

மற்ற நாட்களையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மாலை பிள்ளைகளுக்கு 'டாக்டர் ஹூ'. காலத்திலும் விண்வெளியிலும் பயணம் போகும் ஒரு விசித்திர டாக்டரின் கதை. 1963 நவம்பரில் தொடங்கியது. திங்கள், புதன் மாலைகளில் ஐடிவியில் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'. வட இங்கிலாந்தில் ஒரு தொழிலாளர் தெரு, அதன் அக்கம்பக்கத்துக் கதை. 1960 டிசம்பரில் தொடங்கியது இன்றும் முடியவில்லை. 1968 ஜூலை 31 அன்று 'டாட்ஸ் ஆர்மி' தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஊர்க்காவல் பார்த்த கிழவர்களின் நகைச்சுவை. 1967 ஜூலையிலிருந்து ஐடிவியில் இரவு 10 மணிக்கு அரை மணி நேரச் செய்தி. அதன் பிறகு ஒன்றிரண்டு நிகழ்ச்சி. கடைசியில் தேசிய கீதம். அதோடு திரை இருண்டுவிடும். இருபத்து நான்கு மணி நேரமும் ஒளிபரப்பு என்ற எண்ணமே அன்று கிடையாது.

ஒரே ஓர் இரவு மட்டும் திரை இருளவில்லை. 1969 ஜூலை 20. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய இரவு. பிரிட்டிஷ் நேரப்படி விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன்புதான் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் காலை எடுத்து வைத்தார். பிரிட்டிஷ் தொலைக்காட்சி முதல் முறையாக விடிய விடிய ஓடியது. பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி உட்கார வைத்துப் பார்த்தார்கள்.

அன்று நம் பக்கம் எப்படி இருந்தது? இந்தியாவில் டெல்லியில் மட்டும்தான் தொலைக்காட்சி. 1959 செப்டம்பர் 15 அன்று சோதனையாகத் தொடங்கி, 1965இல் தினசரி ஆனது. தமிழ்நாட்டில் நிலவுப் பயணத்தைக் காதால்தான் கேட்டோம், மறுநாள் பத்திரிகையில் படம் பார்த்தோம். நமக்குத் திருச்சி வானொலி, இலங்கை வானொலி, சிற்றலையில் லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசை. லண்டன் நமக்கு வெறும் குரலாக இருந்த காலம் அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிலவில் இறங்கிய அந்த இரவின் பிபிசி ஒளிபரப்பை இன்று பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவீர்கள்? எங்கும் போக முடியாது. நிலவிலிருந்து வந்த படங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஆனால் பிபிசி ஸ்டுடியோவில் அன்று இரவு முழுக்க உட்கார்ந்து விளக்கம் சொன்னவர்களின் அந்த நிகழ்ச்சி பெரும்பாலும் போய்விட்டது. அதை யாரும் திருடவில்லை, தீயிலும் போகவில்லை. அதை ஒளிபரப்பிய நிறுவனமே பத்திரப்படுத்தாமல் விட்டுவிட்டது.

'டாக்டர் ஹூ'வுக்கும் அதே கதி. 1963 முதல் 1969 வரை வந்த 253 பகுதிகளில் 90க்கும் மேற்பட்டவற்றின் படம் இன்று பிபிசியிடம் இல்லை. பீட்டர் குக், டட்லி மூர் என்ற இரண்டு நகைச்சுவை நடிகர்கள் சேர்ந்து நடத்திய பிரபலமான நிகழ்ச்சியிலும் பெரும்பகுதி அழிந்தது.

ஏன் அழித்தார்கள்? அழித்தவர்கள் முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களிடம் நல்ல காரணங்கள் இருந்தன. அவற்றைக் கேட்டால் நமக்கே கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

முதல் காரணம், செலவு. அன்றைய வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், கனமான சுருள், விலை அதிகம். அழித்து மறுபடி பதியலாம் என்பதே அதன் பெரிய வசதியாக இருந்தது. ஸ்டோர் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்வார்? பழையதை அழித்துப் புதியதைப் பதியத்தான் சொல்வார்.

இரண்டாவது, இடம். அலமாரி நிறைந்துவிட்டது.

மூன்றாவது, ஒப்பந்தம். நடிகர் சங்கங்களோடு போட்ட உடன்பாட்டின்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போட முடியாது. மறுபடி போட முடியாததை எதற்கு வைத்துக்கொள்வது?

நான்காவது, கலர் வந்துவிட்டது. 1969 நவம்பரில் பிபிசி 1, ஐடிவி இரண்டுமே கலருக்கு மாறின. கறுப்பு வெள்ளையை இனி யார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தார்கள்.

செலவு, இடம், இனிமேல் யார் பார்ப்பார்கள். வீடு மாறும்போதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் நம் வீட்டில் கேட்கும் அதே மூன்று வாக்கியங்கள். இதைப் பிறகு மறுபடி தொடுகிறேன்.

1970களின் கடைசியில்தான் பிபிசி விழித்துக்கொண்டு, அழிப்பதை நிறுத்தி, காப்பகத்தை ஒழுங்குபடுத்தியது. அதற்குள் போனது போனதுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. தொலைந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. கிடைத்த இடங்களைப் பாருங்கள்.

பிபிசி தன் நிகழ்ச்சிகளை 16 மில்லிமீட்டர் பிலிமில் நகலெடுத்து வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு விற்றிருந்தது. 'டாக்டர் ஹூ'வின் 1967ஆம் வருடத்துக் கதை ஒன்றின் நான்கு பகுதிகளும் 1992இல் ஹாங்காங்கில் கிடைத்தன. 2013இல் நைஜீரியாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து, தொலைந்துபோன 9 பகுதிகள் கிடைத்தன. 'டாட்ஸ் ஆர்மி'யின் இரண்டு பகுதிகள் 2001இல் திரும்பி வந்தன. அந்த பிலிம் சுருள்கள் அத்தனை வருடமும் தனியார் ஒருவரின் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்தன.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது இன்னொன்று. 'டாக்டர் ஹூ'வில் படம் தொலைந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று முழுமையாக இருக்கிறது. எப்படி? அன்று நிகழ்ச்சியைப் பார்த்த சில பையன்கள் டேப் ரெக்கார்டரை செட்டின் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். திரும்பப் போட மாட்டார்கள், மறுபடி கேட்கவாவது செய்யலாம் என்ற ஆசை. உலகத்திலேயே பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களில் ஒன்று தவறவிட்டதைச் சில வீடுகளில் இருந்த பிள்ளைகள் காப்பாற்றி வைத்தார்கள். நிலவு இரவின் பிபிசி ஒலியும் அப்படி வீட்டில் பதிந்தவர்களால்தான் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது. நெய்வேலியில் 1962இலேயே அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓட ஆரம்பித்துவிட்டது. சோவியத் உதவியோடு கட்டிய நிலையம், ஜெர்மன் இயந்திரங்கள் வெட்டும் சுரங்கம். சென்னைக்காரர்கள் முதன்முதலாக செட்டைப் போட்டபோது அதில் ஓடிய மின்சாரத்தில் நம் பழுப்பு நிலக்கரியின் பங்கும் உண்டு. ஆனால் படம் அவர்களுக்கு மட்டும்தான். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்த நமக்கு அந்த அலை ஒழுங்காக எட்டாது. கரண்ட் கொடுத்தவன் வாசலில் நிற்க, உள்ளே பந்தி நடந்த கதை.

1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி செயற்கைக்கோள் ஏறியது. 1984இல் சில மாதங்கள் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் சிறிய ஒளிபரப்பு நிலையங்கள் வந்தன. இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் எட்டும். அவை செயற்கைக்கோள் வழியாக வரும் டெல்லி நிகழ்ச்சியை அப்படியே வாங்கிக் கொடுத்தன. அதனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் செட் வந்தது, படம் வந்தது, தமிழ் மட்டும் வரவில்லை. 'ஹம் லோக்' பார்த்தோம், இந்திச் செய்தி கேட்டோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் பல மாநிலத்துக்காரர்களும் இருந்ததால் பக்கத்து வீட்டு வடக்கத்திய மாமி கதை சொல்லி உதவுவார். மற்ற ஊர்களில் ஊகம்தான்.

அதே காலத்தில் தஞ்சை, நாகை, ராமநாதபுரம் கரைப்பக்கம் இருந்தவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. கடல் தாண்டி அதன் அலை வந்தது. உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டி, மொட்டை மாடியில் ஒருவர் நின்று திருப்ப, கீழே இருந்து "வருது வருது... போச்சு" என்று கத்துவார்கள். அந்த அலையைக் கொடுத்த கொக்காவில் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது.

சென்னை நிலையத்தின் மாலை எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முன்மாலையில் 'வயலும் வாழ்வும்'. பிள்ளைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா'. ஷோபனா ரவியோ வரதராஜனோ வாசிக்கும் தமிழ்ச் செய்தி. செவ்வாய்க்கிழமை நாடகம். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்'. ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்ப் படம். நேயர்களின் கடிதங்களுக்குப் பதில் சொல்ல 'எதிரொலி'. நடுநடுவே "தடங்கலுக்கு வருந்துகிறோம்". அந்த அட்டையைத்தான் நாம் அதிக நேரம் பார்த்தோம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே செய்த செட்டுகள். சில செட்டுகளுக்கு மரக்கதவு, அதற்குப் பூட்டு. செட் இருக்கும் வீட்டு நடையில் வெள்ளிக்கிழமை தெருவே உட்கார்ந்திருக்கும்.

இதில் இன்று எவ்வளவு மிச்சம்? பிரசார் பாரதி காப்பகம் பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் வெளியிட்டு வருகிறது, நல்ல வேலை. ஆனால் பல நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பாகிப் பதியப்படாமலே போயின. பதிந்த டேப்புகளையும் மறுபடி மறுபடி பயன்படுத்தினோம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் சொன்ன அதே காரணங்கள்தான். செவ்வாய் நாடகம் எத்தனை வந்தன, அதில் நீங்கள் இன்று பார்க்க முடிவது எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் நம் பரண் வருகிறது.

1980களின் நடுவில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ கேமரா வந்தது. பளீரென்ற விளக்கை ஒருவர் தூக்கிப் பிடிக்க, பெரிய கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு வருவாரே, அந்தக் காலம். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், பள்ளி ஆண்டு விழா, கோயில் தேர், எல்லாம் வி.எச்.எஸ். கேசட்டில். சில வீடுகளில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் பதிந்து வைத்தார்கள். அந்தக் கேசட்டுகள் இப்போது எங்கே? இந்தக் குடியிருப்பில் பல வீட்டுப் பரணில், பழைய குக்கருக்கும் கொலுப் பெட்டிக்கும் நடுவே கிடக்கின்றன. போட்டுப் பார்க்க வி.சி.ஆர். இல்லை. உலகத்திலேயே கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு குடும்ப ஞாபகம், அவ்வளவுதான். நமக்கு அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பிறந்த ஊர் இன்று தரையில் இல்லை. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்து, வீட்டைக் கொடுத்து, வேறு இடத்தில் குடியேறிய குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை! மற்ற ஊர்க்காரன் தன் கிராமத்துக்கு ஒரு பஸ் பிடித்துப் போய், "இதுதான் நான் படித்த பள்ளிக்கூடம்" என்று பேரனுக்குக் காட்டலாம். அந்தத் தரையே வெட்டி எடுக்கப்பட்டவர்கள் எதைக் காட்டுவார்கள்?

வளையமாதேவியில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 ஜூலையில், சுரங்கப் பணிக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற நெல்வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. அதைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குப் பல கருத்து உண்டு. சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறோம், நிலம் இழந்தவர்களும் இருக்கிறோம், ஒரே வீட்டில் இரண்டுமாக இருப்பவர்களும் உண்டு. அந்த வாதத்தை இன்று தொடவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த நாளின் படத்தை எல்லாத் தொலைக்காட்சியும் எடுத்தது. வயலில் இயந்திரம் இறங்கிய படம் எங்காவது இருக்கும். அதற்கு முந்தைய முப்பது நாற்பது வருடம், அந்த வயலும் வரப்பும் களமும் சாதாரணமாக இருந்த நாட்களின் படம் யாரிடம் இருக்கிறது?

அது உங்கள் கல்யாணக் கேசட்டில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பு வரும் தெருவைப் பாருங்கள். பின்னால் தெரியும் திண்ணை, ஓட்டு வீடு, கோயில் வாசல், குளத்துப் படிக்கட்டு, வைக்கோல் போர். கேமராக்காரர் அதை எடுக்க நினைக்கவே இல்லை. அவர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுத்தார். ஊர் தானாக வந்து பின்னால் நின்றுவிட்டது. பந்தியில் சாப்பிடுபவர்களில் இன்று எத்தனை பேர் இல்லை! அவர்களின் குரல், பேசும் விதம், எங்கள் பக்கத்துச் சொல், எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு கிராமத்துக்கு வேறு படப்பதிவே இல்லாமல், ஒரு குடும்பத்தின் மூன்று மணி நேரக் கேசட் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அந்தக் கொட்டகையில் கிடந்த சுருளுக்கு இருந்த மதிப்பு அதற்கும் உண்டு. என் கணக்கில் அதைவிட அதிகம். 'டாட்ஸ் ஆர்மி' போனால் ஒரு நகைச்சுவை போச்சு. இது போனால் ஒரு ஊர் இரண்டாவது முறை போகிறது.

ஆனால் அவகாசம் குறைவு. டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவின் மேல் பசையால் ஒட்டிய காந்தப் பொடி. நம் வெயிலிலும் ஈரத்திலும் பசை கெடும், பூஞ்சை பிடிக்கும். பொதுவாகப் பத்து முதல் முப்பது வருடம் தாங்கும் என்பார்கள். நம் கேசட்டுகள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன. ஆகவே செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பரணிலிருந்து கேசட்டை இறக்கி, மூடியைத் தூக்கி நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் புள்ளியோ தூளோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள். நாடா அறுந்து போகலாம், பூஞ்சை இயந்திரத்துக்கும் ஒட்டும், அதன் பின் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக ஒரு கவரில் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நல்ல கேசட் என்றால் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். சமையலறைப் பரண், குளியலறைச் சுவர் ஓரம், ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். படுக்கையறை அலமாரியில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். மழைக்காலத்தில் நம் கீழ்த்தளம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கேசட்டின் முதுகில் ஓர் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் மறுபடி பதிய முடியாது. அன்று இதை உடைக்காததால் கல்யாணத்தின் மேல் கிரிக்கெட் மேட்ச் ஏறிய வீடுகள் உண்டு. பிபிசி செய்ததை நம் வரவேற்பறையிலும் செய்திருக்கிறோம். இப்போதாவது உடைத்துவிடுங்கள்.

கணினிக்கு மாற்ற ஓடும் நிலையில் ஒரு வி.சி.ஆர். வேண்டும், யு.எஸ்.பி. வழியாகப் படத்தை வாங்கும் சிறு கருவி ஒன்று வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. கடையில் கொடுத்தும் செய்யலாம். கொடுக்கும்போது மூலக் கேசட்டையும் கட்டாயம் திரும்பக் கேட்டு வாங்குங்கள். மாற்றியதை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ. ஒரே பென்டிரைவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. படத்தைப் போட்டு வீட்டுப் பெரியவர்களை உட்கார வையுங்கள். செல்போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டுக் கேளுங்கள். இது எந்தத் தெரு, இந்த வீடு யாருடையது, பின்னால் தெரியும் மரம் என்ன மரம், இந்தக் குளத்துக்கு என்ன பெயர், இவர் யாருக்கு என்ன உறவு. படம் மட்டும் இருந்து பெயர் இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து அது யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாது. படம் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். முதன்முதலில் டி.வி. யார் வீட்டில் பார்த்தீர்கள், எந்த மொழியில் வந்தது, யாரை உள்ளே விட்டார்கள், யார் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் ஊர் நிலவரம் முழுக்க இருக்கும். நடையில் உட்கார்ந்த எல்லாரும் ஒன்றாக உட்காரவில்லை என்பதும் பதிவாக வேண்டிய விஷயம்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கேசட் என்பது அந்த வீட்டாருடையது. அதில் இருக்கும் பெண்கள், பிள்ளைகள், பிரிந்துபோன தம்பதிகள் எல்லாருக்கும் அதில் உரிமை உண்டு. சங்கத்தின் பெயரில் எதையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடக் கூடாது, யூடியூபில் ஏற்றக் கூடாது. தெருவும் குளமும் தெரியும் பகுதியை மட்டும் தனியாக வெட்டி, வீட்டார் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் மட்டும், சங்கத்தின் ஹார்ட் டிஸ்கில் வைக்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் கேட்கவும் கூடாது.

சங்கத்திடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. அலுவலக அறையில் ஒரு மேஜை, நல்ல நிலையில் ஒரு பழைய வி.சி.ஆர்., அந்தச் சின்னக் கருவி, ஒரு ஹார்ட் டிஸ்க். யார் வீட்டிலாவது ஓடும் வி.சி.ஆர். இருந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள், இங்கே கொண்டு வாருங்கள். கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஞாயிறு மதியம் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லப் பெரியவர்களும் கூட இருந்தால் வேலை சுலபம். அவர்களுக்குக் காபி சங்கத்தின் பொறுப்பு என்று பொருளாளர் தலையாட்டுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலக மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் பிளாட் எண், எத்தனை கேசட், ஏறக்குறைய எந்த வருடம், எந்த ஊரில் எடுத்தது என்று மட்டும் எழுதுங்கள். கேசட்டை இப்போதே தர வேண்டாம். எந்த ஊரெல்லாம் நம் வீடுகளில் படமாக இருக்கிறது என்று முதலில் ஒரு கணக்குத் தெரியட்டும். மழை தொடங்குவதற்குள் பரணைப் பார்த்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.